முப்பத்துநான்காவது அர்ப்பான்

பயூ மிரேய், லூசியானா
8 பிப்ரவரி 2021

அன்புள்ள தம்பி க்ளோவிஸுக்கு,

மாதா தயவில் நான் நலம். நீயும் உன் மனைவி ரூபியும் நலம்தானே? முட்டி எப்படி இருக்கிறது? உன் கிறிஸ்துமஸ் அட்டை ஜனவரி ஒன்பதாம் தேதி வந்து சேர்ந்தது. அதில் நீ தேதி போடவில்லை. கன்னிமடத்துப் பள்ளியில் சிஸ்டர் அலோய்சியஸ் இதற்காக என்னை ஒரு மணி நேரம் நிற்க வைத்திருப்பார்.

உனக்குக் காது கேட்காது, தொலைபேசியில் பிரயோஜனமில்லை. அதனால் எழுதுகிறேன். உன் அத்தான் தியோஃபிலைக் கல்லறையிலிருந்து எடுத்துக் கோயில் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றப் போகிறேன். நம் நிலத்தின் பின்கோடியில் இருக்கும் ஓக் மேட்டில் கிழக்குப் பக்கம் முழுவதையும் போன வருடப் புயல்கள் தின்றுவிட்டன. என் மாமனார் கல்லறை சாய்ந்து நிற்கிறது. தியோஃபிலுக்கும் தண்ணீருக்கும் நடுவே எட்டு அடி. நானே நாடா வைத்து அளந்தேன். ஜூன் மாதம் புயல் காலம் தொடங்குவதற்குள் அவரை எடுத்தாக வேண்டும்.

சாமியார் சம்மதித்துவிட்டார். ஆனால் அடக்க வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு நிலச் சொந்தக்காரரின் கையெழுத்து வேண்டுமாம். நான்தான் சொந்தக்காரி என்றேன். அந்த ஆள் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து காட்டினான். "அந்த மேடு உங்களோடது இல்லையே, மேடம் லிரெட். மஞ்சக் கோடு அதுக்கு முன்னாடியே நின்னுடுதே." கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நில நிறுவனத்தின் பெயர் இருந்தது. அவர்களுக்கு மூன்று கடிதம் எழுதிவிட்டேன். பதில் இல்லை.

நிலப்பதிவு அலுவலகத்தில் கேட்டேன். 1967 நில அளவையில் ஊன்றிய இரும்புக் குழாயை வைத்துத்தான் கணினியில் கோடு போட்டார்களாம். அந்த அளவைக் குழுவில் நீ இருந்தாய். குழாய் எங்கே ஊன்றப்பட்டது என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பு. வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

அன்புள்ள அக்கா,
ஒதாலி


பொமான்ட், டெக்சஸ்
2 மார்ச் 2021

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

நாங்கள் நலம். உங்கள் உடல்நலத்துக்கு ரூபி ஜெபம் செய்கிறாள். பனிப் புயலில் இங்கே குழாய்களெல்லாம் வெடித்துவிட்டன. அதனால்தான் பதில் தாமதம். முட்டி முன்பு போலத்தான் இருக்கிறது.

அக்கா, அந்தக் குழுவில் நான் அளவுச் சங்கிலி பிடித்த பையன். பத்தொன்பது வயது. கணக்கெல்லாம் தலைவர் ஹார்விதான் எழுதுவார். அவர் இறந்து இருபது வருடம் ஆகிறது. மற்றவர்களும் இல்லை. ஐம்பத்துநான்கு வருடத்துக்கு முந்தைய விஷயத்தில் நான் எதை எழுதுவது? அலுவலகத்துக்காரர்களிடம் நீங்கள் நேரில் பேசினால் கேட்பார்கள். உங்களிடம் யாரால் மறுத்துப் பேச முடியும்?

தண்ணீர் அத்தனை கிட்டத்திலா வந்துவிட்டது?

அன்புடன்,
க்ளோவிஸ்


பயூ மிரேய்
10 மார்ச் 2021

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதத்தில் தேதி இருந்தது, சந்தோஷம். பதில்தான் இல்லை.

நேற்று நூலகத்துக்குப் போனேன். நூலகர் கோரின் கணினியில் நம் பயூ ஓடையின் படத்தைத் திறந்து, "எந்த வருஷம் வேணும், மேடம்?" என்றாள், காப்பிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்பது போல. கீழே ஒரு பொத்தான் இருக்கிறது. அதை இழுத்தால் வருடம் மாறுகிறது. மேலிருந்து விமானத்தில் எடுத்த பழைய படங்களை நிலத்தின் மேல் சரியாகப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். 1964இல் நம் வீட்டுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் புல். 1978இல் அதில் கறுப்புக் கறுப்பாகத் தண்ணீர். 1998இல் தண்ணீரில் அங்கங்கே புல். எல்லா வருடத்திலும் அந்த மஞ்சள் கோடு மட்டும் அசையாமல் தண்ணீர் மேலேயே நேராக ஓடுகிறது.

1964 படத்தில் கோட்டுக்கு வெளியே ஐந்து வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. அவை படகுகள் என்றாள் கோரின். நான் சிரித்தேன். படம் எடுத்தது நவம்பர் நான்காம் தேதி. முதல் தேதி அனைத்துப் புனிதர் திருநாள், ஊரே கல்லறைக்குப் போகும் நாள். அதற்கு முந்தின நாள் நானும் தியோஃபிலும் மாமியாரும் அந்த ஐந்து கல்லறைக்கும் சுண்ணாம்பு அடித்தோம். நான் சரியாக அடிக்கவில்லை என்று மாமியார் எல்லாவற்றுக்கும் மேலே இரண்டாம் கை அடித்தார். அந்த இரண்டாம் கைதான் வானத்திலிருந்து தெரிகிறது. 2019 படத்தில் மூன்று புள்ளிகளே இருக்கின்றன. மாமனார், மாமியார், மூன்றாவது தியோஃபில்.

அந்தக் கணினியில் தூரம் அளக்கலாம். நம் பத்திரத்தில் பயூக் கரையிலிருந்து பின்னோக்கி நாற்பது அர்ப்பான் என்று இருக்கிறது. அர்ப்பானுக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு அடி. கரையிலிருந்து கல்லறைகள் முப்பத்தேழு அர்ப்பான். மஞ்சள் கோடு முப்பத்துநான்கிலேயே முடிகிறது. மூன்று முறை அளந்தேன்.

அச்செடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். மேசையில் இருந்தவன் உன் மகள் வயதுக்காரன்.

"கரை நகர்ந்திருக்கும்ல, மேடம்?"

"அறுபத்துநாலுலயும் கரை இங்கதான் இருக்கு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க."

பார்த்தான். பிறகு, "நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா கையெழுத்துப் போட்ட அளவைய, திரையில அளந்ததை வச்சு நான் மாத்த முடியாது. புதுசா அளக்கறதுன்னா வருஷக் கடைசி ஆகிடும். பழைய குழுவுல யாராச்சும் உயிரோட இருந்தா எழுதி வாங்கிட்டு வாங்க" என்றான்.

உயிரோடு இருப்பவன் நீ ஒருவன்தான். எழுது.

அன்புள்ள அக்கா,
ஒதாலி


பொமான்ட்
20 ஏப்ரல் 2021

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். ரூபி போட்ட அத்திப்பழ ஜாம் இரண்டு பாட்டில் தனியாக அனுப்பியிருக்கிறேன். சர்க்கரை கூடிவிட்டது என்று நீங்கள் சொல்வீர்கள் என அவளிடம் முன்பே சொல்லிவிட்டேன்.

முட்டியில் திரும்ப ஊசி போட்டார்கள். உட்கார்ந்து எழுதச் சிரமமாக இருக்கிறது. குழாய் விஷயத்தை நிறைய யோசித்தேன். சதுப்பு நிலத்தில் எதுவும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. குழாய் நகர்ந்திருக்கலாம். நிச்சயமாக எதையும் சொல்ல முடியவில்லை. நிச்சயமில்லாததை எழுதிக் கையெழுத்திடுவது சரியா?

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. அத்தானுக்கு அந்த மேடு பிடிக்கும். வாத்து வேட்டை முடிந்தால் அங்கேதான் உட்கார்ந்து சாப்பிடுவார். அவரை அங்கேயே விட்டுவிடக் கூடாதா?

அன்புடன்,
க்ளோவிஸ்


பயூ மிரேய்
27 ஏப்ரல் 2021

தம்பிக்கு,

நான் நலம். முட்டியை வைத்து யாரும் கடிதம் எழுதுவதில்லை. ஜாம் வந்தது. சர்க்கரை கூடித்தான் இருக்கிறது.

பதின்மூன்றாம் தேதி அடித்த காற்றில் மாமனார் கல்லறை போய்விட்டது. பக்கத்து வீட்டு ரோலாண் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்து சொன்னான். நானே பார்க்க வேண்டும் என்று அவன் படகில் போனேன். மேட்டுக்குப் போகும் கால்வாய் வாயில் அந்த நில நிறுவனம் சங்கிலி கட்டியிருக்கிறது. காவலுக்கு ஒருவன் நின்றான்.

"இது தனியார் தண்ணிம்மா. உள்ள போகக் கூடாது."

"என் புருஷன் உள்ள இருக்கார்."

"அவருகிட்ட அனுமதிச் சீட்டு இருக்கா?"

"பதினேழு வருஷமாப் படுத்திருக்கார். எழுந்து வந்து காட்டச் சொல்லவா? அவர் வந்தா முதல்ல ஓடறது நீதான்."

ரோலாண் சிரிப்பை அடக்கிக்கொண்டு படகைத் திருப்பிவிட்டான். என் கணவரைப் பார்க்க ஒருவன் என்னிடம் சீட்டுக் கேட்கும் நாளையும் பார்த்துவிட்டேன்.

இரும்புக் குழாய் ஆறு அர்ப்பான் நடந்து போகாது, க்ளோவிஸ். நகர்ந்தாலும் கரையைப் பார்த்து நேர்கோட்டில் நகராது. உனக்கு ஏதாவது தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதிக் கையெழுத்திடு. அதையாவது செய்.

அவரை அங்கேயே விடச் சொல்கிறாய். மேடு அங்கேயே இருந்தால் விட்டிருப்பேன்.

அக்கா,
ஒதாலி


பயூ மிரேய்
31 மே 2021

தம்பிக்கு,

ஐந்து வாரம் ஆகிவிட்டது. ரூபிக்கு உடம்பு சரியில்லையோ, உனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று நினைத்து உன் மகளுக்கு எழுதினேன். எல்லோரும் சுகம் என்றும், அப்பா வாசலில் உட்கார்ந்து யாரோடும் பேசுவதில்லை என்றும் எழுதியிருக்கிறாள்.

நாளை ஜூன் ஒன்று. காவலுக்கு ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமை, திருப்பலியைத் தவறவிட்டுச் சங்கிலிக்கு அடியில் போய் வந்தேன். எழுபத்தொன்பது வயதில் படகில் மல்லாந்து படுத்துக்கொண்டு. ஐந்து அடி இருக்கிறது. எட்டு இல்லை.

நான் யாரிடமும் கெஞ்சியதில்லை, உனக்குத் தெரியும். இதைக் கெஞ்சல் என்றே வைத்துக்கொள்.

ஒதாலி


பொமான்ட்
19 ஜூலை 2021

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. நேராகவே எழுதிவிடுகிறேன்.

குழாயை ஊன்றியது நான். 1967 ஆகஸ்ட். ஹார்விக்குக் கால் வீங்கியிருந்தது, படகிலேயே உட்கார்ந்திருந்தார். "உன் அக்கா நிலம்தானேடா. நீயே போய்க் கடைசில ஊன்றிட்டு வா" என்றார். முப்பத்துநான்கு அர்ப்பான் வரை சரியாக எண்ணிப் போனேன். அதற்கு மேல் சேறு மார்பு வரை ஏறியது. எதிரில் ஒரு மரக்கட்டை மேல் நீர்ப்பாம்புகள் சுருண்டு கிடந்தன. எத்தனை என்று எண்ணவில்லை. கால் வரவில்லை, அக்கா. அங்கேயே குழாயை இறக்கினேன். உடனே திரும்பினால் தெரிந்துவிடும் என்று புல்லுக்குள் ஒளிந்து ஒரு மணி நேரம் சிகரெட் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு போய் "நாற்பது" என்றேன். ஹார்வி நாற்பது என்று எழுதினார். அன்று இரவு நடனத்துக்குப் போனேன்.

உங்கள் நிலம் என்று நம்பித்தான் என்னைத் தனியாக அனுப்பினார்கள். வேறு யார் நிலமாக இருந்தாலும் பின்னால் ஒருவர் வந்து சரிபார்த்திருப்பார்.

இன்னொன்றும் இருக்கிறது. 1983இல் வாத்து வேட்டையில் அத்தான் அந்தக் குழாயைப் பார்த்துவிட்டார். என்னைக் கூட்டிப்போய்க் காட்டி, "இது எந்த ஊரு நாற்பது, மச்சான்?" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார். "விடு. உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதே. அவ உன்னை மறுபடி கரையில இருந்து நடக்க வச்சிருவா. நாம ரெண்டு பேரும் ஒருநாள் வந்து மாத்தி ஊன்றிடலாம்" என்றார். வருடா வருடம் சொல்வோம். போகவில்லை. அவர் என் மானத்தைக் காப்பாற்றினார். நான் அவரைக் கோட்டுக்கு வெளியே விட்டுவிட்டேன்.

பிப்ரவரியிலேயே இதை எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எழுதிக் கிழித்தேன். நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட வாக்குமூலம் இத்துடன் இருக்கிறது.

க்ளோவிஸ்


பயூ மிரேய்
17 ஆகஸ்ட் 2021

க்ளோவிஸுக்கு,

உன் கடிதமும் வாக்குமூலமும் 24 ஜூலை வந்தன. கையெழுத்து தெளிவாக இருக்கிறது. நோட்டரியின் முத்திரையும் சரியாக விழுந்திருக்கிறது.

மறு திங்கட்கிழமை அலுவலகத்தில் கொடுத்தேன். அந்த மேசைக்காரன் இரண்டு முறை படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நில நிறுவனத்தின் வழக்கறிஞர் எதிர்ப்பில்லை என்று நேற்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இம்மாதம் 24 அன்று கோட்டை மாற்றுகிறார்கள். அடக்க நிறுவனம் செப்டம்பர் 2, வியாழக்கிழமை காலை வருகிறது. கோயில் தோட்டத்தில் குழி தயார். செங்கல் அடுக்கி மேலே எழுப்பச் சொல்லியிருக்கிறேன்.

மூன்று அடி இருக்கிறது.

மற்றவற்றைப் பற்றி எழுத எனக்கு இப்போது நேரமில்லை.

திருமதி தியோஃபில் லிரெட்


பொமான்ட்
3 செப்டம்பர் 2021

அக்கா,

எங்கே இருக்கிறீர்கள்? தபால் வருமா என்றுகூடத் தெரியாமல் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை புயல் கரையேறியதிலிருந்து தொலைக்காட்சி முன்னால்தான் இருக்கிறோம். உங்கள் பயூவை ஒரு முறை காட்டினார்கள். எது சாலை, எது தண்ணீர் என்று தெரியவில்லை. மகள் உங்களுக்கும் ரோலாணுக்கும் மாறி மாறி அழைத்துப் பார்க்கிறாள். போகவில்லை. நேற்று காரில் கிளம்பி வந்தோம். சாலையில் மரங்கள் விழுந்து கிடக்கின்றன என்று போலீஸ் திருப்பி அனுப்பிவிட்டது.

நேற்று வியாழக்கிழமை. எனக்கு நினைவிருக்கிறது.

உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி போதும். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

க்ளோவிஸ்


பொமான்ட்
22 செப்டம்பர் 2021

அக்கா,

நீங்கள் சாமியாரோடு வடக்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருப்பதாகக் கோயிலிலிருந்து மகளுக்குச் சொன்னார்கள். ரூபி அழுதுவிட்டாள்.

மகள் கணினியில் அந்த வரைபடத்தைத் திறந்தாள். புயலுக்குப் பின் எடுத்த படத்தையும் போட்டிருக்கிறார்கள். கோட்டை மாற்றிவிட்டார்கள், அக்கா. நாற்பதில் சரியாக நிற்கிறது. நான் கோட்டைப் பார்த்தேன்.

பதில் போட வேண்டும் என்று கட்டாயமில்லை.

க்ளோவிஸ்


பயூ மிரேய்
12 அக்டோபர் 2021

தம்பி க்ளோவிஸுக்கு,

நான் நலம். வீட்டில் பாதிக் கூரை இல்லை. மீதிப் பாதியின் கீழே இருக்கிறேன். சிக்கரி காப்பி கிடைக்கிறது. ரூபியிடம் சொல், ஜாம் பாட்டில் ஒன்று உடையாமல் இருந்தது. பத்து நாள் அதைத்தான் ரொட்டிக்குத் தொட்டுக்கொண்டேன். சர்க்கரை சரியாகவே இருந்தது.

உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. நீ கோட்டைப் பற்றி மட்டும் எழுதியிருந்தாய். நானும் கோரினின் கணினியில் பார்த்தேன். கோடு சரியாக இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை.

அடித்துப்போன சவப்பெட்டிகளைத் தேடுவதற்கென்று அரசாங்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். கரும்புத் தோட்டத்தில், சாலையில், மரக்கிளையில்கூட எடுத்திருக்கிறார்கள். ஒரு கொட்டகையில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். நான்கு முறை போனேன். மாமியாருடையது கிடைத்தது. அவரைக் கோயில் தோட்டத்தில் தியோஃபிலுக்குக் கட்டிய இடத்தில் வைத்தோம். நல்ல இடத்தை எப்போதும் அவர்தான் எடுத்துக்கொள்வார்.

"உங்க வீட்டுக்காரர்னு தெரிஞ்சுக்க அடையாளம் ஏதாச்சும் இருக்கா, மேடம்?" என்று கொட்டகையில் ஒரு பெண் கேட்டாள்.

"வலது கையில சிப்பி உடைக்கிற கத்தி இருக்கும். சாமியார் ஜெபமாலை வைக்கச் சொன்னார். அதை இடது கையில வச்சேன்."

எழுதிக்கொண்டாள். அப்படி யாரும் வரவில்லை. மேசை மேல் இருந்த என் கைக்குட்டையை மடித்துக் கொடுத்தாள்.

உன் ஜூலைக் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். பிப்ரவரியில் நான் எழுதிய கடிதத்தின் தேதி உன்னிடம் இருக்கிறது. உன் வாக்குமூலத்தின் தேதி என்னிடம் இருக்கிறது. புயலின் தேதி எல்லோருக்கும் தெரியும். இதற்கு மேல் இதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, பேசப் போவதுமில்லை. அவர் போகும்வரை இருபத்தொரு வருடம் எனக்குத் தெரியாமல் இரண்டு பேரும் சிரித்திருக்கிறீர்கள். அவரிடம் கேட்க வேண்டியதை அவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது கவனமாகப் படி. நவம்பர் 1 திங்கட்கிழமை, அனைத்துப் புனிதர் திருநாள். 2012 படத்தில் தியோஃபிலின் வெள்ளைப் புள்ளி நன்றாகத் தெரிகிறது. அது எந்த இடம் என்று கோரின் எண்களாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஆனாலும் எனக்கு எண்கள் மட்டும் போதாது. ரோலாண் படகைத் தருகிறான். கால்வாயில் சங்கிலி இல்லை. எனக்குச் சொந்தமான தண்ணீர் என்று அவர்களே அவிழ்த்துவிட்டார்கள்.

நீ ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் வந்துவிடு. ஊன்றுகோலைக் கொண்டு வா, முட்டியைப் பற்றி மட்டும் பேசாதே. உன் பழைய அளவுச் சங்கிலி இருந்தால் எடுத்து வா, இல்லாவிட்டால் கயிறு நான் முடிச்சிட்டு வைக்கிறேன். சுண்ணாம்பு தேவையில்லை. மெழுகுவத்தி என்னிடம் இருக்கிறது.

பயூக் கரையிலிருந்து தொடங்குவோம். நீ படகின் முன்னால் உட்கார்ந்து சத்தமாக எண்ண வேண்டும். எனக்குக் கேட்க வேண்டும். முப்பத்துநான்கில் உன் குழாய் இன்னும் தண்ணீருக்கு மேலே ஒரு முழம் நிற்கிறது என்று ரோலாண் சொல்கிறான். அங்கே படகு நிற்காது.

அவர் இருந்த முப்பத்தேழில் நிற்கும்.

உன் அக்கா,
ஒதாலி